ஆறு கடப்பும் ஒரு மதகும்

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடங்களாக நான்தான் செயலாளர். அலுவலகங்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி எடுத்து, இலக்கமிட்டு, கோவையில் கோத்து வைத்திருக்கிறேன். அந்தக் கோவையின் 117ஆம் கடிதத்தில் ஒரு வரி உண்டு: “மேற்படி பகுதியில் வீதியோ, ஒழுங்கையோ, நடைபாதையோ எதுவும் இல்லை என்பதைத் தங்களுக்கு அறியத் தருகின்றேன்.” அந்த வரி பிழை. எழுதும்போது அது எனக்குத் தெரியாது.

கடிதம் போனது புதிய பெருவீதிக்காக. சவளக்கடையில் எங்கள் குடியிருப்பின் ஓரமாக வந்து, வயல்களுக்குள்ளால் மேற்கே காட்டோரம் வரை அந்த வீதி போவதாக இருந்தது. அதற்கு முன் எங்களுக்கு இருந்தது கிறவல் றோட்டு ஒன்றுதான். மாரியில் கிட்டங்கி ஆற்றைக் கடக்கும் இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் கல்முனைப் பட்டணம் எங்களுக்கு வெளிநாடு. பிள்ளை பெறப் போன பெண்களை ட்ரெக்டர் பெட்டியில் மெத்தை போட்டு ஏற்றிய நாட்கள் உண்டு. வயலில் அறுத்த நெல் றோட்டுக்கு வர முதலே முளைத்த வருடங்களும் உண்டு. ஆகவே வீதி வருகிறது என்றதும் ஊரே பெருநாள் மாதிரி இருந்தது.

பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எழுபது பேர் அளவில் வந்திருந்தோம், எல்லோரும் ஆண்கள். பெண்கள் வரக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. வரச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, இஞ்சினியர் சிவப்புக் கோட்டில் விரலை வைத்துக் கேட்டார்.

“இந்த இடத்தில குறுக்கால ஆக்கள் போய்வாற பாதை ஏதும் இருக்கா?”

சங்கத் தலைவர் பதியுதீன் எழும்பினார். நெல் ஆலை வைத்திருப்பவர். மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

“அது வீட்டு வளவுகள் சேர். வேலிதான் இரிக்கி, வேறொண்டுமில்ல.”

எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த நாள் 117ஆம் கடிதத்தை எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் மாதம் கட்டை அடித்தார்கள். அதற்கடுத்த நாள் காலை, சுபஹு தொழுதுவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது, விறாந்தைக் கதிரையில் ஸஹ்றா உட்கார்ந்திருந்தாள். என் மனைவி ஜெமீலாவின் சாச்சி மகள். வயது நாற்பத்து மூன்று. ஆறு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனவள். கலியாணம் முடிக்கவில்லை. உம்மா எழுதிக் கொடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். முன்னிரவில் அரிசி மாவை வறுத்து அரித்து வைத்து, காலையில் அதைச் சட்டியோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு மூத்தவள் சுல்பிகா ராத்தாவின் வீட்டுக்குப் போவாள். அங்கே இரண்டு பேருமாக இடியப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுப்பார்கள். அன்றைக்கு அவளுடைய முழங்காலில் இரத்தம், தாவணியெல்லாம் மா.

“செருப்புச் சத்தம் கேக்குது. மச்சான் வந்துட்டாரா?”

“ஓம் புள்ள. என்ன இது, விழுந்துட்டயா?”

“என்ட பாதையில ஒருத்தன் கட்டை அடிச்சி வெச்சிரிக்கான். தடுக்கி விழுந்து ரெண்டு கொத்து மா மண்ணுக்குள்ள போயிட்டு. ஆரு அடிச்ச எண்டு கேட்டன். றோட்டுக்காரங்களாம். இதால ஆக்கள் போறல்ல எண்டு றோட்டுக்காரங்களுக்கு ஆரு எழுதிக் குடுத்த எண்டு கேட்டன். எங்கிட ஷரிபுதீன் மச்சானாம்.”

“அது வளவுதானே புள்ள. பாதை இல்லையே.”

குசினிக்குள் இருந்து ஜெமீலா சிரித்தாள். “அப்ப கலியாணம் முடிச்ச நாளையில இரிந்து நான் சுல்பிகா ராத்தாட ஊட்டுக்கு எதால போறனாம்? வானத்தாலயா?”

ஸஹ்றா எழும்பினாள். “வாங்க மச்சான், காட்டுறன். கண்ணுள்ள ஆக்களுக்கு நான்தான் வழி காட்ட வேண்டிக் கிடக்கு.”

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். தாயின் காணியைப் பிரித்து மகள்மாருக்குக் கொடுப்பார்கள். ஆண்கள் மாப்பிள்ளையாக வந்து சேருவார்கள். அப்படியே பிரித்துப் பிரித்து, ராத்தா தங்கச்சி, சாச்சி மகள், மூத்தம்மா மகள் என்று ஆறு வளவு ஒரே வரிசையில் வந்துவிட்டது. வளவுக்கும் வளவுக்கும் நடுவே வேலி, கடைசியில் வாய்க்கால் பக்கமும் ஒரு வேலி. ஒவ்வொரு வேலியிலும் பின்பக்கமாக ஓர் ஆள் நுழையும் இடைவெளி, குறுக்கே விலக்கக்கூடிய ஒரு தடி. அதற்குக் கடப்பு என்று பெயர். பெண்கள் ஒழுங்கைக்கு இறங்காமலே கடப்புக்குக் கடப்பு நுழைந்து ஆறு வீட்டுக்கும் போய்வருவார்கள். ஆண்கள் முன்வாசலால் மட்டுமே வருவோம், போவோம். அவசரத்துக்குப் பின்பக்கம் வர நேர்ந்தால் இருமிக்கொண்டுதான் வரவேண்டும்.

நான் இருமிக்கொண்டே ஸஹ்றாவுக்குப் பின்னால் நடந்தேன்.

“நெஞ்சுச் சளியா மச்சான்? கொத்தமல்லி அவிச்சிக் குடிங்க,” என்றாள் திரும்பாமலே.

அவள் கையில் தடி இல்லை. முருங்கை மரத்தடியில் இடக்கையை நீட்டினாள், கடப்புத் தடி கைக்கு வந்தது. உடுப்புத் தோய்க்கும் கல்லில் கால் விரலால் தட்டிவிட்டு இடப்பக்கம் திரும்பினாள். ஆட்டுப் பட்டியின் மணம் வந்ததும் தலையைக் குனிந்து ஒரு மாங்கொப்பைத் தாண்டினாள். எனக்கு அந்தக் கொப்பு நெற்றியில் அடித்தது. ஒவ்வொரு குசினியில் இருந்தும் ஒரு குரல், “ஸஹ்றா, காலுக்கு என்னகா?” “மஞ்சள் போட்டயா?” “தேங்காய் ரெண்டு வெச்சிரிக்கேன், வரக்க எடு.” முந்நூற்றுப் பதினாறு அடி எண்ணினேன். மூன்றாம் கடப்புக்கும் நான்காம் கடப்புக்கும் நடுவில் வெள்ளையும் சிவப்பும் பூசிய கட்டைகள் நின்றன.

“பாதை இல்லயெண்டா, நான் இவ்வளவு நாளும் எதுல நடந்த மச்சான்?”

அந்த வாரமே 121ஆம் கடிதத்தை எழுதினேன். ஆறு வளவு, ஆறு கடப்பு, தினமும் போய்வரும் பெண்கள், ஸஹ்றாவின் நிலை, எல்லாவற்றையும் இலக்கமிட்டு விளக்கினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. எமது கோவையிலுள்ள தங்கள் கடிதத்தின்படி அவ்விடத்தில் நடைபாதை எதுவும் இல்லை. பாதசாரிகள் நானூறு மீற்றர் தொலைவில் உள்ள சந்தியில் அமையவிருக்கும் வெள்ளைக் கடவையைப் பயன்படுத்தலாம்.

அதை ஸஹ்றாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“வெள்ளைக் கோடா?” என்றாள். “பச்சையில போடச் சொல்லுங்க. எனக்குப் பச்சைதான் விருப்பம்.”

சிரித்தாள். கடிதத்தைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து என் கையில் திருப்பித் தந்தாள்.

கூட இருந்த சுல்பிகாவுக்கு அழுகை வந்துவிட்டது. “எத்தின தரம் சொல்லிட்டேன், என்ட ஊட்ட வந்து இரி எண்டு. அறை ஒண்டு சும்மாதான் கிடக்கு. தங்கச்சிய வெச்சிப் பாக்க எனக்கு ஏலாதா?”

“உனக்கு ஏலும் ராத்தா. எனக்குத்தான் ஏலா,” என்றாள் ஸஹ்றா. “உம்மா தந்த ஊடு. என்ட கதவு, என்ட திறப்பு, என்ட அடுப்பு. நான் நினைச்ச நேரம் எழும்புறன், நினைச்ச இடத்துக்கு நடக்கிறன். உன்ட ஊட்டுக்கு வந்தா, மறுகா என்னக் கையில புடிச்சிக் கூட்டிட்டுப் போவீங்க. அதோட நான் கண் தெரியாத பொம்புள ஆகிருவன்.”

அவள் இழக்கப்போவது எது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வழி கண்டுபிடித்ததும் அவள்தான். மே மாதம் ஒரு திடீர் மழை பெய்து ஓய்ந்த பிறகு, முழங்கால் வரை நனைந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“மச்சான், பாதைக்குத் தரமாட்டாங்க எண்டா தண்ணிக்குத் தருவாங்களா?”

“என்ன தண்ணி?”

“என்ட பாதை சுத்தி உள்ள மண்ண விடப் பதிவு. இவ்வளவு காலமும் நடந்து நடந்து பதிஞ்சிட்டு. மழை பேஞ்சா மூணு வளவுத் தண்ணியும் அதாலதான் ஓடி, ராத்தாட வளவுக்கு அங்கால வாய்க்காலுக்குள்ள விழும். றோட்ட உசத்திக் கட்டினா தண்ணி எங்க போற? எங்கிட ஊட்டுக்குள்ளதான் நிக்கும்.”

நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். 124ஆம் கடிதத்தில் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதினேன். தண்ணீர் என்றதும் பதில் பத்து நாளில் வந்தது, இஞ்சினியர் நேரில் வருவதாக.

அவர் வந்தது ஓகஸ்ட் மாதத்தில். மழை பெய்து ஆறு கிழமை ஆகியிருந்தது. மண் வெடித்துக் கிடந்தது. கட்டைகளுக்கு நடுவே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“செயலாளர், இதில தண்ணி ஓடுது எண்டு எழுதியிருக்கிறீங்க. எனக்குப் புழுதிதான் தெரியுது.”

பதியுதீன் என் காதுக்குள் சொன்னார், “மானம் போகப் போகுது.” அவர் காதுக்குள் சொன்னது அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

வேலிக்கு அப்பாலிருந்து ஸஹ்றாவின் குரல் வந்தது. “சேர், கொஞ்சம் நில்லுங்க. ஓட உட்டுக் காட்டுறம்.”

பெண்கள் காலையில் இருந்தே ஆயத்தமாக இருந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஸஹ்றாவின் பக்க மூன்று வளவிலும் பீப்பாய், அண்டா, வாளி, பிள்ளை குளிப்பாட்டும் பேசன் என்று கண்ட பாத்திரமெல்லாம் தண்ணீரோடு நின்றன. ஸஹ்றா “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லித் தன் வீட்டுப் பீப்பாயைச் சரித்தாள்.

காய்ந்த மண் முதல் தண்ணீரைக் குடித்துவிட்டது. முதலாம் கடப்பைத் தாண்டி, தோய்க்கும் கல்லடியில் போய் நின்றுவிட்டது. இஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நிண்டுட்டா?” என்று கேட்டாள் ஸஹ்றா.

“நிண்டுட்டுகா!”

“அப்ப எல்லாரும் ஒண்டா ஊத்துங்க. பைப்பையும் திறந்து உடுங்க. இண்டைக்கு ஒருத்தரும் குளிக்கத் தேவயில்ல.”

மூன்று வளவிலும் ஒரே நேரத்தில் கவிழ்த்தார்கள். கல்லடியில் நின்ற தண்ணீர் அசைந்தது. வளைந்தது. அவள் இடப்பக்கம் திரும்பும் அதே இடத்தில் அதுவும் திரும்பியது. ஆட்டுப் பட்டியைத் தாண்டி, மூன்றாம் கடப்பால் நுழைந்து, கட்டைகளுக்கு நடுவே வந்து, இஞ்சினியரின் சப்பாத்தைத் தொட்டு நனைத்துவிட்டு அங்காலே போனது. அவர் காலை எடுக்கவில்லை. அது போன பக்கம் திரும்பி, கூடவே நடக்கத் தொடங்கினார். நான்கு, ஐந்து, ஆறு. சுல்பிகாவின் குசினிக்குப் பின்னால் வாய்க்காலுக்குள் அது சலசலவென்று விழுந்தபோது, பதியுதீன் “சுபஹானல்லாஹ்!” என்று கத்தினார்.

“இது ஆர் வெட்டின வாய்க்கால்?” என்று கேட்டார் இஞ்சினியர்.

“ஒருத்தரும் வெட்டல்ல சேர்,” என்றாள் சுல்பிகா. “நாங்க நடக்கிற பாதை.”

“மதகு வேணும்தான்,” என்றார் அவர். “குழாய் ஒண்டு வெச்சுத் தாறன்.”

“எவ்வளவு உசரம் சேர்?” தண்ணீரோடு கூடவே வந்திருந்த ஸஹ்றா கேட்டாள்.

“மூண்டடி விட்டம். இந்தத் தண்ணிக்கு அது போதும்.”

“மூணடிக்குள்ள ஆடு போகும். நான் எப்படிப் போற?”

அவர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீர் வந்த வழியை, கடப்புகளை, அவள் வெறுங்காலை எல்லாம் பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

“செயலாளர், ஆள் நடக்கிற அளவுக்குப் பெட்டி மதகு கட்டலாம். றோட்டை உயர்த்தத்தானே போறம், இடமிருக்கு. ஆனா தண்ணிக்கு நான் குழாய்தான் கேக்கலாம். பெட்டி மதகு கேக்கிறதெண்டா ஆக்கள் போற பாதை இருக்கவேணும். பாதை இல்லையெண்டு சொல்ற கடிதம் கோவையில இருக்கு. கீழ உங்கட கையெழுத்து.”

“முதல் எழுதினது பிழை எண்டு எழுதித் தந்தா?”

“தந்தா நான் மேல அனுப்புவன். சுணங்கும். அதையும் சொல்லிப்போட்டன்.”

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பதியுதீனிடம் போனேன். ஆலைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

“சங்கம் பொய் எழுதின எண்டு நாமளே ஒப்பம் வெச்சிக் குடுக்கிறயா? நாளைக்கி வாய்க்கால் துப்புரவுக்கு எழுதினா ஒருத்தன் நம்புவானா? மழைக்கு முன்ன றோட்டு முடியல்லயெண்டா பெரும்போக நெல்லு இந்த வருசமும் ட்ரெக்டர்லதான் வரும். ஒரு ஆளுக்காக ஊரே சேத்துக்குள்ள கிடக்கிறயா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்தையும் நான் திரும்பப் பெற்றதில்லை. அலுவலகங்களில் “ஷரிபுதீன் எழுதினால் சரியாக இருக்கும்” என்பார்கள். அது ஒன்றுதான் என் சொத்து.

127ஆம் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்து, நான்காம் தரம் இப்படி எழுதினேன்: “117ஆம் இலக்கக் கடிதத்தில் நடைபாதை எதுவும் இல்லை எனக் குறிப்பிட்டது பிழையாகும். அவ்விடத்தில் பெண்கள் மட்டும் பயன்படுத்தும் பாதை ஒன்று உண்டு. எழுதுமுன் நான் பெண்கள் எவரிடமும் விசாரிக்கவில்லை. இது சங்கத்தின் பிழையன்று, எழுதியவனின் பிழை.”

இம்முறை அனுப்பும் முன் சுல்பிகா வீட்டில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஸஹ்றா கவனமாகக் கேட்டாள்.

“'எவரிடமும்' எண்டு போட்டது நல்லம்,” என்றாள். “ஜெமீலா ராத்தாட்டயும் கேக்கல்லத்தானே.”

நாற்பத்தொரு பெண்கள் ஒப்பமிட்டார்கள். ஜெமீலா ஸஹ்றாவின் விரலைக் கோட்டின் மேல் வைத்தாள். அவள் தன் பெயரை மெல்ல மெல்ல, பெரிய எழுத்தில், இரண்டு பேருக்கான இடத்தை எடுத்து எழுதினாள்.

தபாலில் சேர்க்க நான் புறப்பட்டபோது பதியுதீன் மோட்டார் சைக்கிளில் வந்து குறுக்கே நிறுத்தினார்.

“தாங்க அந்தப் பேனைய.”

“தலைவர்?”

“வேலிதான் இரிக்கி எண்டு எழும்பிச் சொன்ன நான். கீழ என்ட ஊட்டுக்காரிட ஒப்பம் இரிக்கி, என்ட ஒப்பம் இல்ல. இப்பிடியே அனுப்பினா மறுகா எனக்குச் சோறு கிடைச்ச மாதிரித்தான்.”

இஞ்சினியர் சொன்னபடியே சுணங்கியது. இரண்டு பக்கமும் வீதி வந்து, எங்கள் வளவுகளுக்கு நடுவில் மட்டும் வாய் பிளந்து நின்றது. மழை தொடங்கிவிட்டது. அந்த மாரியிலும் கிட்டங்கி நிரம்பியது, பெரும்போக அறுவடையும் ட்ரெக்டரில்தான் வந்தது. தேநீர்க் கடையில் ஸஹ்றாவின் பெயரைச் சொல்லி ஏசினார்கள். அவளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இடியப்பம் கொடுக்கும்போது கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினாள்: “ஏசுற ஆக்களுக்கு ரெண்டு கூட வைங்க. பசியோட ஏசினா நெஞ்சடைக்கும்.” சொன்னாளே தவிர, அந்த மாதங்களில் அவள் மெலிந்துபோனாள். மதகு வராவிட்டால் ஊருக்கு எந்த முகத்தைக் காட்டுவது என்று ஜெமீலாவிடம் ஒருதரம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

மார்ச் மாதம் அனுமதி வந்தது. ஏப்ரலில் கொங்கிறீற் போட்டார்கள். ஆறடி உயரம், நாலடி அகலம். மழைக்காலத்தில் தண்ணீர் கீழே ஓட, ஆள் நனையாமல் நடக்க ஒரு பக்கத்தில் சிறிய திட்டும் வைத்தார்கள். அதைக் கேட்டு நாங்கள் எழுதவில்லை. இஞ்சினியர் தானாகவே சேர்த்திருந்தார்.

வீதி இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது. கல்முனைக்கு இருபது நிமிடம். அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. சுல்பிகாவின் மகள் சிபானா ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறாள், அவளுக்குக் கடப்பால் நடக்க நேரமில்லை. ஐந்தாம் வளவுக்காரர் மதில் கட்டி வீதியைப் பார்த்துக் கடை போட்டுவிட்டார்கள். ஆனாலும் பெண்கள் போய் நின்றதும், மதிலில் ஒரு கதவு வைத்தார்கள். லொறிக்காரர்கள் நிறுத்தி இடியப்பம் கேட்கிறார்கள். மாலையில் மதகுக்குள் பெண்கள் பாய் போட்டிருந்து கதைக்கிறார்கள், உள்ளே நல்ல குளிர்ச்சி. ஆண்கள் அந்தப் பக்கம் போனால் இருமத்தான் வேண்டும். கொங்கிறீற்றுக்குள் இருமல் பெரிதாகக் கேட்கிறது.

மதகு திறந்த முதல் நாள் காலை, சுபஹு தொழுதுவிட்டு நான் அங்கே போய் நின்றேன். பதியுதீனும் வந்திருந்தார். ஸஹ்றா மாவுச் சட்டியை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் கடப்பால் வந்தாள். திட்டில் ஏறி நான்கு அடி வைத்தாள். நின்றாள். மேலே ஒரு நெல் லொறி போனது, மதகு அதிர்ந்தது. அவள் அசையவில்லை.

“என்ன புள்ள? பயமா?”

“பயமில்ல மச்சான். திட்டு வலப் பக்கம் இரிக்கி. அப்ப சுவர் வலக்கைக்குத்தான் வரும். வலப்பக்கம் மாவுச் சட்டி. சுவரப் புடிக்க எனக்குக் கையில்ல.”

யாரிடமாவது கேட்டோமா, அவள் சட்டியை எந்தப் பக்கம் தூக்குவாள் என்று? மறுபடியும் கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்தேன். “உடன எழுதுறன். இஞ்சினியருக்கு…”

“பேனைய வைங்க மச்சான்.”

அவள் சட்டியைத் தூக்கி இடது இடுப்புக்கு மாற்றினாள். உடம்பை ஒருதரம் அசைத்துப் பாரத்தைச் சரிபார்த்தாள். வலக்கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள்.

“சரி,” என்றாள். “இனி இந்தப் பக்கம் பழகினாப் போச்சு.”

பிறகு நடந்தாள். பதினெட்டு அடி எண்ணினேன். அந்தப் பக்கம் நான்காம் கடப்புத் தடி விலகும் சத்தமும், “ராத்தா, தண்ணி கொதிச்சிட்டா?” என்ற குரலும் கேட்டன. பதியுதீன் தொண்டையைச் செருமினார். நாங்கள் இருவரும் வந்த வழியே, இருமிக்கொண்டு திரும்பினோம்.